கேஸ்காரர் வீட்டுக் கிணறு: செலண்டாரிலிருந்து சிம்பாங் அம்பாட் வரை

கோவிட் முகமூடியை எல்லாரும் கழற்றிப் போட்ட பிறகு வந்த வருஷங்களில் ஒன்று அது. எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மெலாக்கா மாநிலத்துச் செலண்டார் முச்சந்தியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சீனர் கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். டுரியான் பூத்துப் பூத்து உதிர்ந்தது. சீனப் பெருநாள் முடிந்தும் ஒரு தூறல் இல்லை. வருஷத்தின் எண்ணைப் போடட்டுமா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். மழை ஏமாற்றிய வருஷம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் கைப்பேசியிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது, மருமகள் தப்பைத் திருத்தி இந்த இணையப் பக்கத்தில் ஏற்றுகிறாள். போன தடவை சொன்ன கேமரன் மலைப் பயணத்தைப் பார்த்துவிட்டு நாலைந்து குடும்பத்தார் போய் வந்தார்களாம். இந்த இடத்துக்கும் போகலாம். மலை கிடையாது, கடல் கிடையாது. கெலி என்கிற கெளுத்தி மீன் குளங்களும் ஒரு குழாய்க் கிணறும்தான். ஆனால் என் வயதுக்கு நான் வாய் பிளந்து நின்ற இடங்களில் அதுவும் ஒன்று.

கேஸ்காரர் என்பவர் என் கூட்டாளி. சமையல் கேஸ் விற்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரங்களுக்குக் கேஸ் கொடுக்கிற முறை வந்தது. மரப்பட்டையைச் சுரண்டி ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பதிப்பார்கள். தோளில் தொங்கும் பாட்டிலிலிருந்து அதற்குள் கொஞ்சம் கேஸ் விடுவார்கள். பிறகு விரல் நீளத்துக்கு ஒரு வெட்டுப் போட்டால் போதும், கீழே கட்டிய மங்கு வழிய வழியப் பால் ஒழுகும். அந்தப் பாட்டிலைத் தூக்க ஐந்து பேரைப் பொறுக்கினார்கள். நான் அதில் இல்லை. பக்கத்து நிரையில் பழைய முறையில் வெட்டிக்கொண்டு, வயிறெரிய வேடிக்கை பார்த்தவன் நான். ஐவரில் மூத்தவர் என் கூட்டாளி. அன்றிலிருந்து அவர் கேஸ்காரர்.

தோட்டம் ரப்பரை விட்டு, பாமாயில் தரும் செம்பனைக்கு மாறியதும் அவர் சிம்பாங் அம்பாட் அருகே கொஞ்சம் நிலம் பிடித்து, மூன்று குளம் வெட்டி, மீன் விட்டார். மனைவி போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். மழை இல்லாத அந்த வருஷம் அவருடைய குழாய்க் கிணற்றில் தண்ணீர் மட்டம் கீழே போய்விட்டது. உள்ளே இறக்கிய மோட்டார் மணலைத் தின்று எரிந்தது. வேறொன்று வாங்கி இறக்கினார், அதுவும் எரிந்தது. ஜொகூரில் வேலை பார்க்கும் மகள் ரோஸ்லின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: சனிக்கிழமை வருகிறேன், அதற்குள் தண்ணீர் வராவிட்டால் மீனை லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டு என்னோடு கிளம்ப வேண்டும் என்று. அவள் இருப்பது பதினாறாவது மாடி.

கேஸ்காரர் எனக்குப் போன் போட்டார்.

"சனிக்கிழம வா. ஒண்ணு தண்ணி வரும், இல்லனா நான் போவேன். ரெண்டுல எது நடந்தாலும் நீ பாக்கணும்லா."

இப்போது வழி. செலண்டாரில் காலை ஏழரைக்கு மருமகள் கைப்பேசியில் கிராப் வாடகை வண்டி பிடித்துக் கொடுத்தாள். அலோர் காஜா வரைக்கும் முப்பத்திரண்டு வெள்ளி. பஸ்ஸை நம்பிக் கிளம்பினால் வெயில் ஏறிவிடும். சாலை மச்சாப் வழியாகப் போகிறது, இருபுறமும் செம்பனை. எந்த இடத்தில் எந்தத் தோட்டத்து லயத்து வீடுகள் இருந்தன என்று எனக்கு இன்னும் தெரியும். வண்டி ஓட்டிய பையன் நம் ஆள்தான், கடைசியாகப் போகும் இடத்தை அவனிடம் சொன்னேன்.

"ஐயா, சிம்பாங் அம்பாட்ல அப்படி என்ன பாக்கப் போறீங்க? சாப்பாடா?"

"கிணறு பாக்கப் போறேன்."

அவன் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தான். "கிணறு பாக்க செலண்டார்லேர்ந்து கிராப் புடிச்சிப் போற மொத ஆளு நீங்கதான். எங்க வீட்டுலகூட ஒண்ணு இருக்கு. முன்னாலயே சொல்லியிருந்தா காட்டியிருப்பேன், பாதி வெலைதான்."

அலோர் காஜா கடைத்தெருவுக்குப் பின்னால் ரவியின் பட்டறை இருக்கிறது. ஐவரில் ஒருத்தியான முனியம்மாவின் மகன் அவன். முனியம்மா இப்போது இல்லை. ரவி திரெங்கானு பக்கம் கடலுக்கு நடுவே இருக்கும் எண்ணெய் மேடைகளில் வேலை பார்த்தவன். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். எண்ணெய் விலை விழுந்தபோது ஆட்களைக் குறைத்தார்கள். ஊருக்குத் திரும்பி, கம்ப்ரசர் பழுது பார்க்கிற பட்டறை போட்டுவிட்டான். தண்ணீரை ஏற்றிக் காட்டுகிறேன் என்று கேஸ்காரரிடம் சொன்னவன் அவன்தான். பட்டறை பக்கத்தில் தோசையும் தே தாரிக் டீயும் முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு அவன் லாரியில் ஏறினேன். பின்னால் சாலை உடைக்கிறவர்கள் வைத்திருக்கும் டீசல் கம்ப்ரசர் ஒன்று சக்கரத்தில் உருண்டு வந்தது.

சிம்பாங் அம்பாட் வரைக்கும் பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். கம்ப்ரசரை இழுத்துக்கொண்டு போவதால் லாரி மெதுவாகப் போனது. அதுவும் நல்லதாகப் போயிற்று, கடல் கிணற்றைப் பற்றி அவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"எண்ணெய்க் கெணறு வயசுல தானா பொங்கும் பெரியப்பா. யாரும் எறைக்க வேணாம். கீழ பாறைக்குள்ள அவ்ளோ அழுத்தம். வருஷம் போகப் போக அது தளந்துடும். எண்ணெய் பாதிக் குழாய் ஏறி நின்னுடும். எண்ணெய் இல்லாம இல்ல, ஏற முடியல."

"அப்ப மோட்டார் வச்சு இழுப்பீங்களா?"

"எங்க கெணறுங்கள்ல மோட்டார் கெடையாது. கேஸ்தான். குழாய்க்குள்ள குழாய் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சந்துல கேஸ அமுக்கி அனுப்புவோம். ஆழத்துல வால்வு இருக்கும், அது வழியா கேஸ் உள் குழாய்க்குள்ள பூந்துடும். எண்ணெய் மேல வந்துடும்."

"கேஸ் கீழேர்ந்து தள்ளுது."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. அது தள்ளாது." சிம்பாங் சந்தி சிக்னல் விளக்கில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். "காண்டா வாளி நெறையப் பால் ஊத்துனா தோள் கழண்டுடும், இல்லையா? அதே வாளில பாதி நுரையா இருந்தா?"

"தூக்கிட்டு ஓடலாம்."

"வாளி அதே வாளி. நெறஞ்சுதான் இருக்கு. ஆனா கனம் போயிருச்சு. கேஸ் செய்யிற வேல அவ்ளோதான் பெரியப்பா. குழாய்ல நிக்கிற எண்ணெய நுரையாக்கி லேசாக்குது. அப்புறம் தூக்கறது பூமியோட வேல. அதுக்கு இன்னும் சக்தி இருக்கு. பாரம்தான் கூடிப் போச்சு."

விளக்கு பச்சையானது. நாற்பது வருஷம் தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு முனையிலும் பால் வாளியும் சுமந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எண்ணெயோடு மேலே வருகிற கேஸைப் பிரித்தெடுத்து, அமுக்கி, திரும்பவும் அதே கிணற்றுக்குள் அனுப்புவார்களாம். கிணறு விட்ட மூச்சையே கிணற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கடலுக்கு அடியில், ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், ஒருவரும் கண்ணால் பார்க்காத இடத்தில் இது நடக்கிறது. நாம் இங்கே மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடித்துக்கொண்டு போகிறோம்.

பெரிய சாலையை விட்டு மண் பாதையில் ஒரு கிலோமீட்டர் போனால் கேஸ்காரர் வீடு. ரோஸ்லின் முதல் நாள் இரவே வந்துவிட்டிருந்தாள். அவள் காரின் பின் கதவு திறந்தே கிடந்தது. இரண்டு பை, அந்தோணியார் படம், ஒரு ரைஸ் குக்கர். குக்கரின் ஒயரைக்கூடச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தாள். குளங்களில் பாதிக்கும் கீழே தண்ணீர். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"வாங்க அங்கள்" என்றாள் அவள். "நீங்களாவது அவருக்குச் சொல்லுங்க. இங்க விழுந்து கெடந்தா பாக்க யார் இருக்கா?"

"இன்னும் விழல" என்றார் கேஸ்காரர். "விழுந்தப்பறம் கூப்புடு."

ரவி வேலையில் இறங்கினான். எரிந்த மோட்டாரை முந்தின வாரமே வெளியே எடுத்துவிட்டிருந்தான். இப்போது ஒன்றரை இஞ்சு குழாயையும் அதனோடு சேர்த்துக் கட்டிய மெல்லிய குழாயையும் ஒன்றாகக் கிணற்றுக்குள் இறக்கினான். மெல்லிய குழாயின் அடி முனை வளைந்து பெரிய குழாயின் வாய்க்குள் போகிறது. காற்று இறங்குவது அதன் வழியாக. தண்ணீர் ஐம்பதடி ஆழத்தில் நிற்கிறது, காற்றை நூற்றைம்பதடியில் விடுகிறேன் என்றான். காற்று விடுகிற இடம் தண்ணீருக்குள் நன்றாக முங்கியிருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் தூக்காது. நகர்கிற சாமான் எதுவும் உள்ளே கிடையாது என்பதால் மணல் வந்தாலும் கெடுதல் இல்லை. கடலில் கேஸ், இங்கே வெறும் காற்று. முறை ஒன்றுதான்.

கம்ப்ரசர் உறுமியது. ரவி வால்வை மெதுவாகத் திறந்தான். நான் குழாயில் காதை வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கேயோ ஆழத்தில் ஒரு பெரிய மிருகம் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். அது மேலே மேலே வந்தது. குழாய் என் கன்னத்தில் அதிர்ந்தது. ரவி என் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் முகத்தில் அடித்திருக்கும்.

வெள்ளையாக வந்தது. தண்ணீர் என்று தெரிந்தும் எனக்கும் கேஸ்காரருக்கும் ஒரே நேரத்தில் ஒன்றுதான் தோன்றியது. பால். காற்று கலந்த தண்ணீர் அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும் என்றான் ரவி. அது குபுக் குபுக்கென்று மணலையும் கொண்டுவந்து கொட்டி, பள்ளத்தில் ஓடி, மேல் குளத்தில் விழுந்தது. மீன்கள் அந்தப் பக்கமாகத் திரண்டன. கிணற்றுக்குள் சுற்றுகிற சக்கரம் இல்லை, இழுக்கிற கயிறு இல்லை. நூற்றைம்பதடி ஆழத்தில் கொஞ்சம் காற்று. அவ்வளவுதான். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன். எதற்குக் கழற்றினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

கீழ்க் குளத்துக்குப் போகும் ஹோஸில் ஓட்டை என்று ரவி அந்தப் பக்கம் போனான். அவன் முதுகு மறைந்ததும் கேஸ்காரர் வால்வுக்குப் போய், இறுக்கி அடைத்துவிட்டார். குழாயிலிருந்த தண்ணீர் முழுக்கக் கடகடவென்று கிணற்றுக்குள் திரும்பி விழுந்தது. பிறகு கம்ப்ரசர் சத்தம் மட்டும்.

ரோஸ்லின் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். வறண்ட குழாய் வாயைப் பார்த்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்து மீன் லாரிக்காரரிடம், "வந்துடுங்க. ஆமா, எல்லாத்தையும்" என்றாள்.

ரவி ஓடி வந்தான். "யாரு மாமா அடச்சது?"

"நான்தான். போதும்லா. மொத நாளே இவ்ளோ வாங்குனா கெணறு காஞ்சிடும். மரத்துக்குக் கேஸ் குடுத்தா தெனமுமா வெட்டுவோம்? மூணு நாள் விடணும். பேராசப்பட்டு வெட்டுன நிரையெல்லாம் பட்ட வறண்டு நின்னத நீ பாக்கல, நான் பாத்தேன்."

ரவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மாவும் இப்படித்தான். விட்டா வீட்டு அடுப்புக்குக்கூட மூணு நாளைக்கு ஒருக்காதான் கேஸ் குடுத்திருப்பாங்க. மாமா, இது மரம் இல்ல. காத்து நின்னா கனம் திரும்ப வந்துடும். கனம் வந்தா எல்லாம் உள்ள போயிடும். ஓடிக்கிட்டே இருக்கணும்."

திரும்பவும் திறந்தான். திரும்பவும் அந்தச் செருமல், திரும்பவும் வெள்ளை. ரோஸ்லின் கைப்பேசியைக் கையில் வைத்தபடியே நின்றாள். லாரி கிளம்பிவிட்டதாம்.

ஒரு மணி நேரம் போல நன்றாக ஓடியது. அதன் பிறகு தண்ணீர் மெலிந்தது. காற்றும் துளியுமாகத் துப்பியது. ரவி குழாயைத் தொட்டுப் பார்த்தான், குனிந்து கேட்டான், காற்றைக் கூட்டிப் பார்த்தான். கூட்டினால் இன்னும் மோசம். வெறும் காற்று சீறியது. ரோஸ்லின் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ரவி தன் கையாலேயே வால்வை அடைத்தான்.

"நாம எடுக்குற அளவுக்குக் கெணறு ஊறல. அர மணி நேரம் விடுங்க."

நாங்கள் மூவரும் ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்தோம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் எனக்கு ஆஸ்பத்திரியில்கூட அமைந்ததில்லை. பிறகு ரவி போய்த் திறந்தான். முதல் மூச்சிலேயே ஒரு பெரிய உருண்டையாகத் தண்ணீர் எகிறி விழுந்தது. இருபது நிமிடம் ஓடியது, மெலிந்தது, அடைத்தான். விட்டுத் திறந்தான். திரும்பவும் வந்தது.

"கடல்லயும் தளந்த கெணறுக்கு இப்படித்தான் மாமா" என்றான். "கேஸ் விடுவோம், நிறுத்துவோம், ஊற விடுவோம், திரும்ப விடுவோம். மணிக்கணக்கு வச்சா அதுவே பாத்துக்கும்."

"அதத்தான நான் மொதல்லயே செஞ்சேன்?"

"இல்ல மாமா. நல்லா வந்துக்கிட்டிருந்தப்ப நீங்க பயந்து அடச்சீங்க. அது வேற, இது வேற."

கேஸ்காரர் அதை ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் ரோஸ்லின் ரவியிடம் கேட்டாள். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இந்தத் தண்ணி எத்தன குளத்துக்குத் தாங்கும்?"

"ஒண்ணுக்கு. ரெண்டுன்னு சொன்னா அது பொய்."

மீன் லாரி மண் பாதையில் திரும்புகிற சத்தம் கேட்டது. கேஸ்காரர் மூன்று குளத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணு போதும்" என்றார்.

"ஒரு கொளத்த வச்சிக்கிட்டு என்னப்பா பண்ணுவீங்க?"

"காலைல எந்திரிச்சி தீனி போடுவேன். பதினாறாவது மாடில நான் எதுக்காக எந்திரிக்கறது, நீ சொல்லு."

அவள் எழுந்தாள். லாரிக்காரரிடம் போய், கீழே இருக்கும் இரண்டு குளத்து மீன் மட்டும் என்றாள். மதியம் இரண்டு மணிவரை வலை இழுத்தார்கள். அந்த மீனை அள்ளும்போது கேஸ்காரர் அந்தப் பக்கம் போகவே இல்லை. மேல் குளத்தங்கரையில், கிணறு ஊறுவதும் எழுவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி போன பிறகு ரோஸ்லின் காரிலிருந்து ரைஸ் குக்கரை எடுத்து, ஒயரிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றியபடி வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அரிசி கழுவுகிற சத்தம்.

"மழை வர்ற வரைக்கும்தான் இங்க இருக்கலாம்" என்றாள், சோறு போடும்போது.

"மழை வந்தா குளம் நெறஞ்சிடும். அப்ப நான் எதுக்கு அங்க வரணும்?" என்றார் அவர். அவள் கரண்டியாலேயே அவர் தட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மழை பிறகு வந்தது. நான் அதன் பின்னும் இரண்டு தடவை போய் வந்தேன். டீசல் கம்ப்ரசருக்குப் பதிலாக டயர் கடையில் கழித்துவிட்ட சின்னதொன்றை ரவி வைத்திருக்கிறான். நேரம் வைத்தால் தானாக ஓடி, தானாக நிற்கிறது. கீழ்க் குளங்கள் இரண்டும் மழைத் தண்ணீரோடு சும்மா கிடக்கின்றன, கொக்கு வருகிறது. ராத்திரியில் கிணறு செருமுகிற சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறதாம் கேஸ்காரருக்கு. எனக்கென்னவோ ரவி லாரியில் சொன்ன வார்த்தை அடிக்கடி ஞாபகம் வருகிறது. மாடிப்படி ஏறி நிற்கும்போது, சக்தி இன்னும் இருக்கிறது, பாரம்தான் கூடிப் போச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மெலாக்கா டவுனிலிருந்து வருகிறவர்களும் அலோர் காஜாவில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது, அவர் வீட்டுப் பக்கம் கடை இல்லை. நனைந்தால் பரவாயில்லாத செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். காற்று ஹோஸுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். அது கழன்று வீசினால் பாம்பைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள், அவர் மாதா கோயிலில் பூசைக்குப் போயிருப்பார். குழாயில் காதை வைத்துக் கேளுங்கள், ஆனால் செருமல் மேலே வரும்போது நகர்ந்துவிடுங்கள். வால்வை மட்டும் யாரும் தொடக் கூடாது. அதைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கைதான்.

வாசலில் நின்று கேஸ்காரர் என்று கூப்பிடாதீர்கள். அந்தப் பெயர் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு. அந்தப் பாட்டிலைத் தோளில் தூக்கியவர்களில் முனியம்மா முதலில் போனாள். அடுத்து கோபால், செரம்பானில் மகள் வீட்டில். மாரிமுத்துவை கோவிட் கொண்டுபோனது. பெரிய லெட்சுமி போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் போய்விட்டாள், சவப்பெட்டி தூக்கப் போயிருந்தேன். மிச்சம் ஒருவர்தான். மண் பாதை முடிகிற இடத்தில் நின்று, அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சவரிமுத்து.